கடலாமைக்கு ஒரு மருத்துவமனை

‘புனர்வாழ்வு’ என்னும் சொல் நடுவண் அரசின் கோப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் சொற்களுள் ஒன்று. 1947-இல் நாடு பிரிந்தபோது வீடும் நிலமும் இழந்து வந்த மக்களைக் கவனிப்பதற்கென்றே ஓர் அமைச்சகம் ஏற்பட்டது. அதன் பெயரிலேயே இச்சொல்லின் பொருள் அமைந்திருந்தது. பின்னர் அணைகளுக்காக ஊரைத் துறந்தவர்களுக்கும், வெள்ளத்தால் நலிந்தவர்களுக்கும் அதே சொல் பயன்பட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் அதனைப் பன்முறை எழுதியிருக்கிறோம். ஆயினும் ‘ஆமைகளின் புனர்வாழ்வு’ என்னும் தொடரை முதன்முதலாக ஓர் ஆங்கில அறிக்கையில் கண்டபோது, மூலத்தில் ஏதோ பிழை நேர்ந்திருக்கும் என்று ஐயுற்று இருமுறை படித்தோம். பிழை இல்லை. காயமுற்ற கடலாமைகளுக்கு மருந்திட்டு, உடல் தேறியபின் மீண்டும் கடலில் கொண்டு விடும் மருத்துவமனைகள் உலகின் பல கரைகளில் உள்ளன. நம் நாட்டிலும் மகாராஷ்டிரக் கரையில் டஹாணு என்னும் ஊரில், வனத்துறையும் தன்னார்வத் தொண்டர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு மையம் உண்டு.

இத்தகைய தொண்டு எவ்வாறு தோன்றியது? அதனை அறிய, அமெரிக்காவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கும் தென் பாத்ரே என்னும் மணல் தீவுக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தது அத்தீவு. ஒரு புறம் மெக்சிகோ வளைகுடா. மறு புறம் ஆழம் குறைந்த நீண்ட உப்பங்கழி. அங்கே நிகழ்ந்தது ஒரு மருத்துவமனையின் வரலாறு மட்டுமன்று. ஏறத்தாழ அற்றுப்போன ஓர் உயிரினத்தின் வரலாறும் ஆகும்.

கெம்ப் ஆமை என்று அவ்வினத்துக்குப் பெயர். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் தீவில் வாழ்ந்த ரிச்சர்டு கெம்ப் என்பவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, 1880-இல் சாமுவேல் கார்மன் என்னும் விலங்கியலறிஞர் இதனைத் தனி இனமாக வகுத்து, அனுப்பியவர் பெயரையே இட்டார். கடலாமைகளுள் இதுவே மிகச் சிறியது. ஓட்டின் நீளம் இரண்டு அடிக்குச் சற்று மேல். முதிர்ந்த ஆமையின் எடை 45 கிலோவுக்கு மேற்படுவது அரிது. ஒடிசாவிலும் சென்னைக் கரையிலும் முட்டையிட வரும் நம் பங்குனி ஆமைக்கு மிக நெருங்கிய உறவினம். ஒரே பேரினத்தின் இரண்டு கிளைகள் என்று இவற்றைச் சொல்லலாம். இரண்டிற்கும் பொதுவான வியத்தகு வழக்கம் ஒன்று உண்டு. பெண் ஆமைகள் தனித்தனியே வராமல், ஒரு நாள் குறித்ததுபோல் ஆயிரக்கணக்கில் திரண்டு கரையேறி முட்டையிடும். ‘வருகை’ என்னும் பொருள்பட ஸ்பானிய மொழியில் அதனை ‘அரிபாதா’ என்பர். பங்குனி ஆமை பெரும்பாலும் இரவில் வரும்; கெம்ப் ஆமை பட்டப்பகலில் வரும்.

பட்டப்பகலில் திரண்டு வரும் ஓர் உயிர் எங்கே முட்டையிடுகிறது என்பது 1880-க்குப் பின் எண்பது ஆண்டுக் காலம் அறிஞர் உலகுக்குத் தெரியாமல் இருந்தது! ஃபுளோரிடா மீனவர்கள் இது தனி இனமே அன்று, வேறு இரண்டு ஆமைகளின் கலப்பில் பிறந்தது என்று கூறி இழித்துரைத்தனர். கடலாமை ஆராய்ச்சியின் தந்தையெனப் போற்றப்படும் ஆர்ச்சி கார் பல கரைகளில் தேடியும் விசாரித்தும் விடை காணவில்லை. அவர் 1956-இல் வெளியிட்ட நூலிலும் இது ஒரு புதிராகவே பேசப்பட்டது.

விடையோ ஒரு படச்சுருளில் அடங்கிக் கிடந்தது. மெக்சிகோவின் தம்பிகோ நகரைச் சேர்ந்த ஆந்திரேஸ் எர்ரேரா என்னும் பொறியாளர், கரையோர மக்கள் சொன்ன கதைகளைக் கேட்டு, சிறு விமானத்தில் கடற்கரை நெடுகப் பறந்து தேடினார். 1947 ஜூன் 18-ஆம் நாள், தமாலிபாஸ் மாநிலத்தில் ரான்சோ நுவேவோ என்னும் ஆளற்ற கரையில் அவர் இறங்கியபோது, மணற்பரப்பே அசைவதுபோல் ஆமைகள் நெருங்கிக் கிடந்தன. தம் கைப்படக் கருவியால் அக்காட்சியை அவர் பதிவு செய்தார். பின்னர் அச்சுருளை ஆராய்ச்சியாளர் எவரும் காணாமலே பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. டெக்சாஸைச் சேர்ந்த ஹென்றி ஹில்டிபிராண்டு என்னும் உயிரியலறிஞர் அதனைத் தேடிப் பெற்று, 1961-இல் அறிஞர் மாநாடு ஒன்றில் திரையிட்டுக் காட்டினார். அந்த ஒரே நாளில் கரையேறிய ஆமைகள் 40,000 இருக்கும் என்பது அவர் மதிப்பீடு. பிற்காலத்தார் இத்தொகையைக் கூட்டியும் குறைத்தும் கணக்கிட்டிருக்கின்றனர். ஆனால் படத்தில் உள்ள கூட்டத்தை எவரும் மறுக்க இயலாது. அதே படத்தில் மனிதர்கள் முட்டைகளைத் தோண்டி எடுப்பதும் காணப்படுகிறது. புதிருக்கு விடையும், வரவிருந்த அழிவுக்குக் காரணமும் ஒரே சுருளில் இருந்தன.

அறிஞர்கள் அக்கரையை அறிந்துகொண்ட காலத்துக்குள் கூட்டம் கரைந்துவிட்டது. முட்டைகள் மூட்டை மூட்டையாக ஊர்களுக்குச் சென்றன. மதுக்கடைகளில் ஆண்மை பெருக்கும் உணவென்று விற்கப்பட்டன. 1966-இல் மெக்சிகோ அரசு அக்கரைக்கு உயிரியலறிஞர்களையும் ஆயுதம் தாங்கிய கடற்படை வீரர்களையும் அனுப்பிக் காவல் வைத்தது. பாராட்டத்தக்க செயல், ஆயினும் காலங்கடந்த செயல்.

இங்கேதான் சாதாரண மனிதர்கள் சிலர் வரலாற்றுக்குள் நுழைகின்றனர். பிரவுன்ஸ்வில் நகரில் கட்டட ஒப்பந்தக்காரராக இருந்தவர் டீர்ல் ஆடம்ஸ். ஒரே கரையை நம்பி ஓர் இனம் வாழ்வது ஆபத்து. இரண்டாவது கரை ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. எந்த அரசும் ஏவவில்லை. எந்தக் கழகமும் பொருள் தரவில்லை. உரிய இசைவைப் பெற்றுக்கொண்டு, 1963 முதல் சில ஆண்டுகள், எல்லைக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து முட்டைகளைத் தம் செலவில் கொண்டுவந்து, தென் பாத்ரே தீவின் மணலில் புதைத்துக் காவல் இருந்தார். நண்பர்களும் குடும்பத்தாரும் உடன் நின்றனர். அவ்வாறு உடன் நின்றவர்களுள் ஒருவரே இலா லாட்சர் அம்மையார்.

இவ்வம்மையாரின் வாழ்வு கதைபோல் அமைந்தது. 1904-இல் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். 1929-இல், அம்மாநிலத்தில் விமானி உரிமம் பெற்ற முதல் பெண் என்னும் பெயரைப் பெற்றார். அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்து புகழ்பெற்ற அமீலியா ஏர்ஹார்ட்டுடன் பழகியவர். பெண் விமானிகள் சேர்ந்து அமைத்த சங்கத்தில் தொடக்க கால உறுப்பினர். கணவர் மறைந்தபின் தென் பாத்ரே தீவில் வந்து குடியேறினார். வானத்தில் பறந்தவர் முதுமையில் ஆமையோடு ஊர்ந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். படகின் சுழல்விசிறி வெட்டியவை, தூண்டில் முள்ளை விழுங்கியவை, வலைக்கயிறு இறுக்கித் துடுப்புக் கால் அழுகியவை எனக் கரையில் ஒதுங்கிய ஆமைகளை மக்கள் அவர் வீட்டுக்குக் கொண்டு வந்தனர். வீட்டின் பின்புறத்தில் தொட்டிகள் ஒவ்வொன்றாகப் பெருகின. அரசின் உரிமத்தோடு அவர் நடத்திய அத்தொண்டு 1977-இல் ‘கடலாமைக் கழகம்’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க ஓர் அமைப்பாயிற்று.

அவருடைய முறைகளைப் பார்த்து அறிஞர் சிலர் முகஞ்சுளித்ததில் வியப்பில்லை. ஆமைகளுக்கு அவர் சட்டை தைத்துப் போட்டார், தொப்பி அணிவித்தார், பெயரிட்டு அழைத்தார், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு அவற்றைத் தூக்கிச் சென்று கொஞ்சினார். நாடு முழுவதும் அவரை ‘ஆமை அம்மாள்’ என்றே அழைத்தது. உண்மையைச் சொன்னால், அப்படங்களை முதலில் கண்டபோது நமக்கும் நகைப்பே வந்தது. காட்டுயிரைப் பொம்மையாக்குவது சரியா என்னும் கேள்வி நியாயமானது. இன்று எந்த ஆமை மருத்துவமனையும் அவ்வாறு செய்வதில்லை. ஆனால் அக்காலத்தில் அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆமை என்பது சூப்புக் கிண்ணத்தின் பெயராக இருந்தது. அதனை முகமும் பெயரும் உடைய ஓர் உயிராகக் காட்டியவர் அவர். அவருடைய தொட்டிகளைக் காணத் தீவுக்கு வந்த குழந்தைகள் பலர் பின்னர் அக்கரைக்கு வாக்களிக்கும் குடிமக்களானார்கள்.

இதற்கிடையில் அரசுகளும் விழித்துக்கொண்டன. 1978 முதல் 1988 வரை அமெரிக்காவும் மெக்சிகோவும் இணைந்து, ஆடம்ஸ் தனிமனிதராகத் தொடங்கியதையே பெரிய அளவில் செய்தன. அவ்வாண்டுகளில் ரான்சோ நுவேவோவிலிருந்து எடுத்த முட்டைகள், மொத்தம் 22,000-க்கும் மேல், பாத்ரே தீவின் தேசியக் கடற்கரைக்கு வந்தன. பிறந்த கரையின் நினைவு குஞ்சின் உள்ளத்தில் பதியும் என்னும் கருத்தால், முட்டைகளை அத்தீவின் மணலிலேயே பொதிந்தனர். பொரித்த குஞ்சுகளை அக்கரையில் ஊர்ந்து அலையைத் தொடவிட்டு, பின் சிறு வலையால் அள்ளிக் கால்வெஸ்டன் நகருக்கு அனுப்பினர். அங்கே ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி வாளி! ஒன்றையொன்று கடித்துக் குதறும் இயல்புடையவை ஆதலால் சேர்த்து வைக்க முடியாது. ஓராண்டு அளவு வளர்த்துக் கடலில் விட்டனர். இவ்வளவும் பயன் தருமா என்று பலர் ஐயுற்றனர். 1996-இல்தான் அவ்வாறு வளர்ந்த ஆமைகள் டெக்சாஸ் கரைக்குத் திரும்பி முட்டையிட்டது உறுதியாயிற்று.

ஆனால் 1985-ஆம் ஆண்டின் கணக்கு எல்லாருடைய நம்பிக்கையையும் உலுக்கிவிட்டது. ஒரு காலத்தில் ஒரே நாளில் பல்லாயிரம் ஆமைகள் ஏறிய கரைகளில், அவ்வாண்டு முழுவதும் எண்ணப்பட்ட கூடுகள் 702 மட்டுமே. ஒரு தாய் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முட்டையிடும். ஆகவே தாய்களின் தொகை சில நூறுதான். கரையில் காவல் இருந்தும், முட்டைகளைக் கவர்வோர் தடுக்கப்பட்டும், கூட்டம் ஏன் குறைந்தது?

விடை கடலுக்குள் இருந்தது. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடும் உயிர். இறாலுக்காக அடித்தரையை அரித்துச் செல்லும் இழுவலைக்குள் அது அகப்பட்டால், மேலே வந்து மூச்செடுக்க வழியின்றி மூழ்கி இறக்கும். இதற்கு மாற்று கண்டவர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் சிங்கி பூன் என்னும் இறால் மீனவர், வலையில் வந்து நிறையும் சொறிமீன்களை வெளியேற்றுவதற்காகக் கம்பிச் சட்டம் ஒன்றை வலைக்குள் சாய்வாகப் பொருத்தியிருந்தார். இறால் கம்பிகளின் ஊடே சென்று வலையின் அடியில் சேரும். பெரியன எல்லாம் சட்டத்தில் மோதித் திறப்பின் வழியே வெளியேறும். சொறிமீனுக்கு அமைத்த வாயில் ஆமைக்கும் பயன்பட்டது. ‘ஆமை விலக்கி’ என்று நாம் அழைக்கும் கருவிக்கு அதுவும் ஒரு முன்னோடி. 1987-இல் அமெரிக்க அரசு அதனைக் கட்டாயமாக்க முற்பட்டது. வலையில் பிடிபடும் இறாலும் தப்பிவிடும் என்று மீனவர்கள் கொதித்தெழுந்தனர். 1989 ஜூலையில் டெக்சாஸ் துறைமுக வாயில்களைப் படகுகளால் மறித்தனர். அவர்கள் கொடியவர் அல்லர். கடன்பட்ட படகும் காத்திருக்கும் குடும்பமும் உடையவர்கள். எனினும் சட்டம் நின்றது.

இந்த வழக்கில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. ஆமை விலக்கி இல்லாத வலையில் பிடித்த இறாலை வாங்கோம் என்று அமெரிக்கா விதித்தபோது, 1996-இல் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. 1998 அக்டோபரில் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதி இனிப்பாகவும் பாதி கசப்பாகவும் இருந்தது. ஆமையைக் காக்கும் நோக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் நாட்டுக்கு நாடு வேறுபாடு காட்டி அதனை நடைமுறைப்படுத்தியது முறையன்று என்பது அதன் சாரம். அவ்வாண்டுகளில் ஒடிசாக் கரையில், இழுவலைகளில் மூச்சுமுட்டி இறந்த பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் ஒதுங்கிக் கொண்டிருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கஹிர்மாதாவில் அவை திரளாக முட்டையிடும் செய்தி அறிஞர் உலகுக்கு 1974-இல்தான் எட்டியது. 1977-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அவ்வினம் சேர்க்கப்பட்டது. சட்டம் கரையைக் காத்தது. வலையின் வாய் திறந்தே இருந்தது.

அப்படியானால் மருத்துவமனை எதற்கு? வலைக்கு ஒரு வாயில் வைத்தால் ஆயிரம் ஆமைகள் பிழைக்கும்போது, ஒரே ஆமைக்கு மாதக்கணக்கில் மருந்திடுவது வீண் அன்றோ என்று கேட்போர் உண்டு. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் எண்ணத்தை ஓரளவு மாற்றியது ஒரு கணக்கு. 1987-இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் பெருந்தலை ஆமைகளின் பிறப்பிறப்பைக் கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டனர். கூட்டிலுள்ள முட்டைகள் அனைத்தையும் காப்பாற்றினாலும், கடலில் வளர்ந்துவரும் பெரிய ஆமைகள் தொடர்ந்து மடியுமானால் அவ்வினம் தேறாது என்பது அவர்கள் கண்ட முடிவு. முட்டையிலிருந்து தாயாகும் வரை தப்பிப் பிழைப்பது மிகச் சிலவே. கெம்ப் ஆமைக்கு அப்பருவம் எய்தப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே அந்த இடர்களையெல்லாம் கடந்து வந்த ஓர் ஆமை, பல நூறு முட்டைகளுக்கு ஈடு. கரையொதுங்கும் நோயாளி ஆமைகளுள் இத்தகைய வளர்ந்த ஆமைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பிழைக்க வைத்துக் கடலுக்கு அனுப்புவது வெறும் இரக்கச் செயல் மட்டும் அன்று. ஆனாலும் வலையின் வாயிலுக்கு அது மாற்றாகாது. தொட்டிகள் எத்தனை வைத்தாலும் கடலை அதற்குள் அடக்க முடியாது.

அம்மருத்துவமனையின் அன்றாட வேலையில் பெருமைக்குரியதாகத் தோன்றுவது மிகக் குறைவு. தொட்டி கழுவுதல், மீன் நறுக்குதல், நீரின் வெப்பமும் உப்பும் அளத்தல், இவையே தொண்டர்களின் நாளை நிரப்பும். கதிர்ப்படம் எடுத்துத் தூண்டில் முள்ளைத் தேடுவர். அழுகிய துடுப்பை அகற்றுவர். பிளந்த ஓட்டைப் பசையிட்டு இணைப்பர். மூன்று துடுப்போடு பிழைக்கும் ஆமையைக் கடலில் விடலாம். ஒரே துடுப்போடு பிழைத்தால்? 2005-இல் அவ்வாறு வந்தது ஆலிசன் என்று பெயரிடப்பட்ட ஒரு பேராமைக் குஞ்சு. மூன்று துடுப்புகளையும் இழந்த அது வட்டமிட்டே நீந்தியது. நேரே செல்ல அதனால் இயலவில்லை. 2009-இல் அங்குப் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர், முக்குளிப்போர் உடுக்கும் துணியில் அதற்கு ஒரு சட்டை செய்து, அதன் முதுகில் படகின் சுக்கான்போல் ஒரு செதிலை நிறுத்தினார். ஆலிசன் நேராக நீந்தியது. 2000 ஜனவரியில், 95-ஆம் வயதில் மறைந்த லாட்சர் அம்மையார் அதனைக் காணவில்லை. அவர் வேடிக்கைக்காகத் தைத்த சட்டை அவ்வீட்டுத் தொட்டிகளின் வழிவந்த மருத்துவமனையில் மருந்தாகியது.

கெம்ப் ஆமையும் மெல்ல மெல்ல மீண்டது. 2017-இல் மெக்சிகோவில் 20,000-க்கும் மிகுதியான கூடுகளும், டெக்சாஸில் 353 கூடுகளும் எண்ணப்பட்டன. இடையே 2010-இல் வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த ஆண்டிலிருந்து அந்த வளர்ச்சி தடுமாறியது. முன்போல் ஏறுமுகமாக இல்லை.

மருத்துவமனைக்கு உண்மையான சோதனை வந்தது 2021 பிப்ரவரியில். வெப்ப நாட்டுக் கரையாகிய டெக்சாஸைப் பனிப்புயல் தாக்கியது. ஆழமில்லாத உப்பங்கழி விரைவில் குளிர்ந்தது. ஆமை தன் உடலின் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள வல்லது அன்று. நீரின் வெப்பம் ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே இறங்கினால் துடுப்பை அசைக்கவும் இயலாமல் விறைத்து மிதக்கும். பின்னர் படகில் மோதியோ, மூழ்கியோ இறக்கும். இம்முறை விறைத்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை பேராமைகள். தீவின் மக்கள் தம் வீடுகளில் மின்சாரம் இன்றி நடுங்கிக் கொண்டிருந்த நாட்கள் அவை. ஆயினும் படகுடையோர் கழியில் இறங்கினர்; கரையில் நின்றோர் கைமாற்றித் தூக்கினர்; சொந்த வண்டிகளின் பின்புறத்தில் ஆமைகளை அடுக்கிக் கொண்டுவந்தனர். மருத்துவமனை நிறைந்தது. பின்னர் தீவின் மாநாட்டு மண்டபத்தைத் திறந்துவிட்டனர். தார்ப்பாய் விரித்த தரையில், சுவருக்குச் சுவர், ஏறத்தாழ 5,000 ஆமைகள் வரிசையாகக் கிடந்தன. மருத்துவமனையில் மின்சாரம் நின்று தொட்டிகள் குளிரத் தொடங்கியபோது, அருகில் ராக்கெட் தளம் அமைத்திருந்த நிறுவனம் ஒரு பெரிய மின்னாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தது.

அங்கே எது உயிருள்ளது, எது இறந்தது என்று பிரித்தறிவதே அரிய வேலை. குளிரில் விறைத்த ஆமையின் இதயம் நீண்ட இடைவெளிவிட்டே துடிக்கும். கண்ணைத் தொட்டாலும் அசையாத ஒன்று, மெல்ல மெல்ல வெப்பம் ஏறியபின் தலை தூக்கும். விரைந்து சூடேற்றினால் இறந்துவிடும். ஆகவே காத்திருப்பதே மருத்துவம். மாநிலம் முழுவதும் அவ்வாரம் விறைத்த ஆமைகள் 12,000-க்கும் மேல் என்று கணக்கிட்டனர். பிழைத்தவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

புயல் ஓய்ந்து வளைகுடாவின் நீர் சற்றே வெதுவெதுப்பானதும், தேறிய ஆமைகளைப் படகுகளில் ஏற்றினர். கரையிலிருந்து விலகிய இடத்தில் படகின் விளிம்பில் ஒரு சறுக்குப் பலகையைச் சாய்த்து, ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தனர். ஓட்டின்மேல் எண் எழுதப்பட்டிருந்த ஆமைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி, நீரைத் தொட்டதும் துடுப்பை விரித்து மூழ்கின. அன்று மாலை தொண்டர்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது, இன்னும் தேறாதவை தார்ப்பாயில் கிடந்தன.